டீ ட்ரீ எண்ணெய் தடவிய முகம் எரிகிறது: நிறுத்தவா, தொடரவா?

கேள்வி: எனக்கு வயது 28. இரண்டு வருடமாகத் தாடையைச் சுற்றிப் பரு வருகிறது. ரசாயன க்ரீம் எதுவும் வேண்டாம் என்று டீ ட்ரீ எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, எதுவும் கலக்காமல் தினமும் இரவில் தடவி வந்தேன். முதல் மூன்று வாரம் பருக்கள் நன்றாகக் காய்ந்தன. இப்போது ஒரு வாரமாகக் கன்னமும் தாடையும் சிவந்து, அரித்து, தோல் உரிகிறது. எண்ணெய் படாத இமையும் கழுத்தும்கூட அரிக்கின்றன. “உள்ளே இருக்கிற நச்சு வெளியே வரும்போது இப்படித்தான் இருக்கும், விடாமல் தடவு” என்கிறாள் தோழி. பாட்டில் திறந்து ஒன்றரை வருடம் இருக்கும், குளியலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். தம்பிக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை இருக்கிறது. என் நான்கு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். அவர்களுக்கும் இதையே தடவலாம் என்று நினைத்திருந்தேன். இயற்கையான எண்ணெய் இப்படியெல்லாம் செய்யுமா? நிறுத்தவா, தொடரவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மீதமுள்ள எண்ணெயைத் தம்பிக்கோ குழந்தைக்கோ தடவ வேண்டாம். மற்றதை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் முகத்துக்கு இப்போது என்ன செய்வது என்று பார்த்துவிடுவோம்.

இரண்டு மூன்று வாரத்துக்கு முகத்தில் மருந்து, ஃபேஸ்வாஷ், ஸ்கிரப், பேக் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எரிச்சல் அதிகமாக இருக்கும்போது சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் முகத்தில் போட்டு வையுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை இப்படிச் செய்யலாம். ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகப் பூசுங்கள். பரு இருக்கிற முகத்தில் ஜெல்லியா என்று தயங்க வேண்டாம். இந்தச் சில நாட்களுக்கு உரிந்த தோலை மூடிக் காப்பதுதான் முக்கியம், பருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அரிப்பால் தூக்கம் கெட்டால் அலர்ஜி மாத்திரை கொஞ்சம் உதவும்.

வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு இருந்தால் அதை எடுத்து முகத்தில் தடவிவிடாதீர்கள். உங்களுக்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம்தான். ஆனால் முகத்துக்கு, அதிலும் இமைக்கு, எந்த வீரியத்தில் எத்தனை நாள் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போனாலோ, நீர் கசிந்து மஞ்சளாகப் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். உதடு, நாக்கு வீங்கி மூச்சு திணறினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த எண்ணெயால் அப்படி ஆவது மிக அரிது, என்றாலும் தெரிந்திருப்பது நல்லது.

இனி உங்கள் தோழி சொன்னது. தோல் வழியாக நச்சு வெளியேறுவது என்று ஒன்று கிடையாது. ரெட்டினாய்டு வகைப் பரு மருந்துகளைத் தொடங்கும்போது முதல் சில வாரம் பரு சற்று அதிகமாவது உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்போது வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே இன்னும் சில பருக்கள் வரும், அவ்வளவுதான். இமை அரிப்பதும் கழுத்து சிவப்பதும் அதில் சேராது.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்தவை இரண்டு விவரங்கள். ஒன்று, மூன்று வாரம் ஒன்றும் ஆகாமல் இருந்து அதன் பிறகு தொடங்கியது. இன்னொன்று, எண்ணெய் படாத இடங்களுக்கும் அது பரவியது. வீரியமான ஒரு பொருள் தோலை நேரடியாகப் புண்ணாக்கினால் எரிச்சல் சீக்கிரமே தெரிந்துவிடும், தடவிய இடத்தோடு நின்றும்விடும். அரிப்பைவிட எரிச்சலே மேலோங்கி இருக்கும். ஒவ்வாமை வேறு மாதிரி வேலை செய்கிறது. உடலின் எதிர்ப்புச் செல்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு மனதில் பதித்துக்கொள்ள ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. பதிந்துவிட்ட பிறகு ஒவ்வொரு முறை பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் வரும், ஓரம் தாண்டிப் பரவும். கையிலும் தலையணையிலும் ஒட்டியிருக்கும் கொஞ்சம் எண்ணெயே இமை போன்ற மெல்லிய தோலுக்குப் போதும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். கலக்காத எண்ணெயின் நேரடி எரிச்சலும் கூடச் சேர்ந்திருக்கலாம். தலையணை உறையை இன்றே மாற்றிவிடுங்கள்.

நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பேட்ச் டெஸ்ட் என்ற சோதனை இருக்கிறது. முகம் முழுதாக ஆறிய பிறகு முதுகில் சிறு பட்டைகளாகப் பொருட்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். தோல் மருத்துவரிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், அவசியம் செய்ய வேண்டிய சோதனை என்பேன். முடிவு ஒவ்வாமை என்று வந்தால் டீ ட்ரீ எண்ணெயை எந்த அளவிலும், எவ்வளவு நீர்த்தும் நீங்கள் இனி பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை பதிந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஷாம்பூ, டியோடரன்ட், வாய் கொப்பளிக்கும் திரவம், டூத்பேஸ்ட், ஈரத் துடைப்பான், பாதப் பவுடர் என்று பலவற்றில் இதைச் சேர்க்கிறார்கள். லேபிளில் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற தாவரப் பெயரோடு இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

இயற்கையான எண்ணெய் இப்படிச் செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும். இந்த எண்ணெயில் நிஜமாகவே வீரியம் இருக்கிறது, அதனால்தான் செய்கிறது. தேயிலைச் செடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வடகிழக்குக் கரையோரச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு சிறு மரம் அது. அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்கு வைத்து வந்திருக்கிறார்கள். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற வேதியியலாளர் அதன் எண்ணெயைச் சோதித்து, அன்றைக்குக் கிருமிநாசினியாகப் புழங்கிய ஃபீனாலைவிடப் பல மடங்கு வலுவானது என்று சொன்னார். பழங்குடிகள் வைத்தது கசக்கிய இலை. நம் கையில் இருப்பது அந்த இலைகளை நீராவியில் வடித்து எடுத்த செறிவான எண்ணெய். இந்த வித்தியாசத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

அதில் நூறு வகைச் சேர்மங்களாவது இருக்கின்றன. முக்கியமானது டெர்பினென்-4-ஆல். தரமான எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான் இருக்கும். பாக்டீரியா, பூஞ்சை இவற்றின் வெளிச்சவ்வு கொழுப்பால் ஆனது. இந்தச் சேர்மம் அதில் புகுந்து சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பவை கசிந்து வெளியேறும்படி செய்துவிடுகிறது. வீக்கத்தையும் ஓரளவு தணிக்கிறது. நம் தோலின் மேலடுக்கைக் கட்டிவைத்திருப்பதும் கொழுப்புதான். கலக்காத எண்ணெயைத் தினமும் தடவினால் அந்தக் கட்டும் தளர்ந்துபோகும்.

பாட்டிலுக்கு வருகிறேன். உங்கள் கதையில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிதாக வடித்த டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையைத் தூண்டும் குணம் குறைந்தது. காற்று, வெளிச்சம், சூடு படப்பட அதிலுள்ள ஆல்ஃபா-டெர்பினீன் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து அஸ்காரிடோல் மாதிரியான வேறு பொருட்களாக மாறுகின்றன. தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதில் முன்னால் நிற்பவை இந்த மாறிய பொருட்கள்தான். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும், பாட்டில் குறையக் குறைய உள்ளே காற்று கூடும்போதும் இது நடக்கிறது. குளியலறை ஜன்னலில் வெயிலும் வெக்கையும் சேர்ந்து ஒன்றரை வருடம் இருந்த எண்ணெயை நீங்கள் நேராக முகத்தில் வைத்திருக்கிறீர்கள். வாங்கும்போது இருந்த எண்ணெய் இல்லை அது. வாசனை டர்பன்டைன் போலக் காரமாக மாறியிருக்கிறதா என்று கேட்டால், அநேகமாக ஆமாம் என்பீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கருமையான கண்ணாடிப் பாட்டிலில் வருகிற சிறிய அளவே வாங்குங்கள். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். இறுக்கி மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம். அதற்கு மேல் போனால் எவ்வளவு மீதம் இருந்தாலும் தோலில் தடவ வேண்டாம்.

சரி, பருவுக்கு இது பயன்படுமா? பயன்படும், சரியான அளவில். 1990ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மீதிப் பேருக்கு வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதம். இரண்டு மருந்திலுமே பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது. ஆனால் வறட்சி, எரிச்சல் போன்ற தொல்லை அதில் 44 சதவீதம் பேருக்கு, மற்றதில் 79 சதவீதம் பேருக்கு வந்தது. பிறகு 2007ல் ஈரானில் 60 பேரிடம் 5 சதவீத ஜெல்லை மருந்தில்லாத ஜெல்லோடு ஒப்பிட்டார்கள். லேசான, மிதமான பருவுக்கு 45 நாளில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. உங்களுக்குப் பரு காய்ந்ததும் பிரமை இல்லை, எண்ணெய் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஆய்வில் பலன் தந்தது 5 சதவீதம். நீங்கள் வைத்தது 100. இருபது மடங்கு! அதே எண்ணெயைச் சரியான அளவில், புதிதாக வாங்கித் தொடங்கியிருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டி வந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒவ்வாமை இல்லாத ஒருவர் பருவுக்கு இதைத் தொடங்க விரும்பினால், 5 சதவீதம் என்று எழுதியுள்ள ஆயத்த ஜெல் வாங்குவதே நல்லது. வீட்டில் கலப்பதானால் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, தாங்கு எண்ணெயில் (வீரியத்தைக் குறைக்கக் கலக்கும் சாதாரண எண்ணெயில்) ஐந்து சொட்டு விட்டால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சொட்டு சின்னதும் பெரிதுமாக விழும் என்பதால் முகத்துக்கு இரண்டு சொட்டில் தொடங்கச் சொல்வேன். தேங்காய் எண்ணெய் பருவைக் கூட்டலாம், ஜோஜோபா போன்ற லேசான ஒன்று தேவலை. தண்ணீரில் விட்டுக் குலுக்கினால் கலந்த மாதிரி தெரியும், ஆனால் கலக்காது. எண்ணெய் மேலே மிதந்து, பஞ்சில் ஏறுவது கலக்காத எண்ணெயாகவே இருக்கும். கற்றாழை ஜெல்லிலும் அதே கதைதான். முகத்துக்குப் போகும் முன் அந்தக் கலவையை முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் காலை மாலை இரு வேளை, ஒரு வாரமாவது தடவிப் பாருங்கள். ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு “எனக்கு ஒத்துக்கொள்கிறது” என்று முடிவு செய்வதில் பயனில்லை. ஏன் என்று உங்கள் அனுபவமே சொல்கிறது.

தம்பியின் படர்தாமரைக்கு வருவோம். பூஞ்சைக்கு எதிராக இந்த எண்ணெய் வேலை செய்யும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெளிவு. மனிதர்களிடம் நன்றாகச் சோதித்துப் பார்த்தது கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில். அதில் 10 சதவீத க்ரீம் தடவியவர்களுக்கு அரிப்பும் எரிச்சலும் குறைந்தன. ஆனால் பூஞ்சை ஒழிந்ததா என்று பார்த்தபோது மருந்தில்லாத க்ரீமைவிட மேலாக இல்லை. அரிப்பு நின்றதும் குணமாகிவிட்டது என்று விட்டுவிடுவோம், பூஞ்சை அங்கேயே இருந்து மறுபடி கிளம்பும். 2002ல் வந்த இன்னொரு ஆய்வில் 25, 50 சதவீதக் கரைசல்களைத் தடவிப் பார்த்தார்கள். 50 சதவீதக் கரைசலில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது. மருந்தில்லாத கரைசலில் அது 31 சதவீதம். ஆனால் அந்த வீரியத்தில் சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. பாதத்தின் தடித்த தோலிலேயே அப்படி என்றால், வியர்த்து உரசிக்கொண்டே இருக்கும் தொடை இடுக்கில் 25 சதவீதம் தடவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டெர்பினாஃபின், க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்புகள் இதைவிட உறுதியான பலன் தருபவை, பாதுகாப்பானவையும்கூட. வளையம் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு செ.மீ. தள்ளித் தடவ வேண்டும். மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். குளித்ததும் இடுக்கை நன்றாக ஈரம் போகத் துடைத்து, தளர்ந்த பருத்தி உள்ளாடை போடச் சொல்லுங்கள். அவருக்குத் தனித் துண்டு இருக்கட்டும். ஸ்டீராய்டு கலந்த படர்தாமரைக் களிம்பை மட்டும் யார் சொன்னாலும் வாங்க வேண்டாம். இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை வேர்விட வைத்துவிடும். ஏற்கெனவே பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படும், மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

(பொடுகுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பூ ஓரளவு உதவுகிறது. கேட்கவில்லை என்றாலும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். அலசிவிடுவதால் எரிச்சலும் குறைவு. உங்களுக்கு மட்டும் அதுவும் வேண்டாம்.)

குழந்தைக்கு? கண்டிப்பாக வேண்டாம். கரப்பான் உள்ள தோலில் தடுப்பு அடுக்கே ஓட்டையாக இருக்கிறது. மற்றவர்களுக்கு மேலோடு நின்றுவிடும் பொருள் அவளுக்கு உள்ளே போய்விடும். நான்கு வயதிலேயே ஒரு ஒவ்வாமையைப் பதிய வைத்துவிடுவோம், எரிச்சலால் கரப்பானும் கூடும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தாராளமாக, குளித்த மூன்று நிமிடத்துக்குள் பூசுவதுதான் அவளுக்கு அடிப்படை மருந்து. சிவந்து தடித்துவிடும் நாட்களில் குழந்தைகளுக்கான லேசான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு மட்டும் தடவலாம். முறையாகப் பயன்படுத்தினால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அந்தப் பாட்டிலை ஜன்னலிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த எண்ணெய் வயிற்றுக்குள் போகக் கூடாது. சிறு குழந்தைகள் 10 மில்லிக்கும் குறைவாக விழுங்கியே தள்ளாடி, மயக்க நிலைக்குப் போயிருக்கிறார்கள். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாய்ப்புண்ணுக்கு, காது வலிக்கு என்று வாயிலோ காதிலோ விடுவதும் கூடாது. பூனை, நாய் இருந்தால் அவற்றின் உண்ணிக்கும் இதை வைக்காதீர்கள், நடுக்கமும் கால் தளர்ச்சியும் வரும்.

கடைசியாக உங்கள் பரு. முகம் ஆறியதும் சிவந்த இடங்களில் பழுப்பு நிறத்தில் கறை தெரியலாம். நம் நிறத் தோலில் எந்த அழற்சிக்குப் பிறகும் அது வரும், சில மாதங்களில் தானாக மங்கும். எலுமிச்சைச் சாறு தேய்த்து இன்னொரு முறை புண்ணாக்கிக்கொள்ளாமல், ஆறிய பிறகு தினமும் சன்ஸ்கிரீன் மட்டும் போடுங்கள். ஆறி ஒரு மாதம் போனதும் பரு மருந்தைத் தொடங்கலாம். இரவில் பட்டாணி அளவு அடாபலீன் 0.1 சதவீத ஜெல், முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் (துண்டும் தலையணையும் வெளுத்துப்போகும், வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்). கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிருந்தாலோ அடாபலீன் வேண்டாம், மருத்துவரிடம் அசெலெயிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். எதுவானாலும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

28 வயதில் தாடையைச் சுற்றியே பரு வருகிறது என்றால் ஹார்மோனையும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, அதற்கு முந்தைய வாரத்தில் பரு கூடுகிறதா, மோவாயில் முடி தடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று கவனித்து, கடந்த சில மாதத் தேதிகளைக் குறித்து எடுத்துப் போங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை இருந்தால் மேலே எதைப் பூசினாலும் பாதிப் பலன்தான், அதற்கு உள்ளே மருந்து எடுக்க வேண்டும். பேட்ச் டெஸ்ட்டுக்குப் போகும் அன்றைக்கே இதையும் கேட்டுவிடலாம்.